பழம்புடவையில் ஒட்டுப் போர்வை – வீட்டிலேயே கற்போம்



இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்கலாம், மற்றவர்கள் கேட்கலாம். கையில் ஒரு பழைய நூல் புடவையும் ஊசி நூலும் இருந்தால் இன்னும் நல்லது. சேமிப்பு, கடன் வசூல், கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். இது ஆரம்பித்தால் பேச்சு நீளும்.

"பழைய துணிக்குப் பாத்திரம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரை நம் எல்லோருக்கும் தெரியும். நாலு புடவை, ரெண்டு பேண்ட், ஒரு சட்டை கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் குடமோ சின்னத் தூக்குச் சட்டியோ கிடைக்கும். அதற்கும் அவர் புடவையை விரித்துப் பார்த்து, "இங்க கிழிஞ்சிருக்கும்மா, சாயம் வெளுத்துப் போச்சு" என்று பத்து குறை சொல்லுவார். அந்த நாலில் ரெண்டு புடவை நூல் புடவையாக இருந்தால், ஒரு ஆள் நன்றாகப் படுத்து உறங்குகிற போர்வையைத்தான் குடத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

கணக்குப் பாருங்கள். ஒரு புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 18 அடி. அதை மூன்றாக வெட்டினால் ஆறு ஆறு அடியாக மூன்று துண்டு. அகலம் 45 அங்குலம், அதாவது முக்கால் குறைய நாலடிக்குக் கொஞ்சம் பக்கம் என்று குழம்ப வேண்டாம், மூன்றே முக்கால் அடி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தைத்தால் மூன்று அடுக்குப் போர்வை. கடையில் ஒரு முழத் துணிகூட வாங்கவில்லை.

விளிம்பில் மட்டும் தைத்தால் போதாது

நம் வீடுகளில் இது புதுசு இல்லை. பிள்ளை பிறந்தால் பாட்டி முதலில் எடுப்பது பழைய வேட்டியும் பழைய புடவையும்தான். நாலாக மடித்து, நாலு பக்கமும் ஓரம் தைத்து, குழந்தைக்குக் கீழே விரிப்பார்கள். ஆனால் ரெண்டு மூன்று முறை துவைத்ததும் என்ன ஆகிறது? உள்ளே இருக்கிற துணி சுருண்டு ஒரு மூலைக்குப் போய் உருண்டை கட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றும் இருக்காது. "பழைய துணிதானே, அவ்வளவுதான் உழைக்கும்" என்று தூக்கிப் போட்டுவிடுவோம்.

குறை துணியில் இல்லை. நடுவில் தையல் இல்லாததுதான் குறை. எத்தனை அடுக்கு போட்டாலும், எல்லா அடுக்கையும் ஊடுருவிக்கொண்டு தையல் குறுக்கே நெடுக ஓடினால்தான் அவை ஒரே துணியாகும். நகராது, சுருளாது. அடுக்குகளுக்கு நடுவில் காற்று தங்குவதால்தான் மார்கழிக் குளிரிலும் கதகதப்பு இருக்கிறது. இப்படித் தைத்ததைக் கடைக்காரர் குவில்ட் என்பார், வடக்கே பஞ்சு வைத்துத் தைத்ததை ரஜாய் என்பார்கள். துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைப்பதால் இந்தப் பாடத்தில் ஒட்டுப் போர்வை என்றே சொல்லுவோம்.

வங்காளத்துப் பெண்கள் இதையே காந்தா என்கிறார்கள். நாம் கிழிசல் துணிக்குச் சொல்லும் கந்தை என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அங்கே பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்து, அதாலேயே தைப்பது வழக்கமாக இருந்தது. பீகாரில் இதன் பெயர் சுஜனி. அதுவும் பிறந்த குழந்தைக்காகப் பழந்துணியில் தைக்கத் தொடங்கியதுதான். பின்னாளில் முசாபர்பூர் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் அதில் தங்கள் வாழ்க்கையையே படமாகத் தைத்து விற்கத் தொடங்கினார்கள். சுஜனிக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. கிழிசல் துணி என்று யாரும் இளக்காரமாகப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

எந்தத் துணி சேரும், எது சேராது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாதிப் போர்வை இங்கேயே கெட்டுப்போகிறது.

நூல் துணிதான் வேண்டும். பாலியஸ்டர் புடவை பளபளவென்று இருக்கும், கிழியாது, இருந்தாலும் வேண்டாம். அது வேர்வையை உறிஞ்சாது, ஊசிக்கு வழுக்கும், நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். எது எதுவென்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். நூல் என்றால் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, கடுகு மாதிரி கெட்டியாக ஒரு மணி நிற்கும்.

அடுத்து வெளிச்சம். புடவையை வாசல் பக்கம் ரெண்டு பேர் பிடித்து விரித்துப் பாருங்கள். உட்காரும் இடம், கொசுவம் தரையில் உரசும் இடம் இரண்டும் நைந்திருக்கும், வெளிச்சம் அதிகமாகத் தெரியும். இரண்டு கட்டை விரலாலும் அந்த இடத்தை இழுங்கள். பிளந்தால் அதை வெட்டிவிடுங்கள், அல்லது நடு அடுக்குக்கு அனுப்புங்கள். மேலேயும் கீழேயும் வலுவான துணி வர வேண்டும். பலவீனமான துணியை வலுவான துணியோடு சேர்த்துத் தைத்தால் முதலில் கிழிவது தையல் ஓரம்தான்.

சாயம் மூன்றாவது. சிவப்பு, அரக்கு, கருநீலம் இந்த மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் ஏறினால் அது வெளிர் நிறத்தோடு சேரக் கூடாது. பல வருஷம் கட்டித் துவைத்த சுங்குடி விட வேண்டிய சாயத்தையெல்லாம் விட்டிருக்கும். புது சுங்குடித் துண்டு அப்படி இல்லை. "உப்புத் தண்ணியில ஊற வச்சா சாயம் நிக்கும்" என்று சொல்லுவார்கள். நம் கடைத் துணிக்கெல்லாம் அது நிச்சயமில்லை. ஊற வைத்தாலும் வைக்காவிட்டாலும் வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

டைலர் கடையில் கிடைக்கும் ஜாக்கெட் பிட்டு, லைனிங் துண்டு எல்லாம் புதுத் துணி. புது நூல் துணி முதல் துவைப்பில் சுருங்கும். பழையதோடு அப்படியே சேர்த்தால் துவைத்ததும் புதுசு சுருங்கிப் பழசை இழுக்கும், போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். அதனால் எல்லாவற்றையும் முதலில் துவைத்துக் காய வைத்துத்தான் வெட்ட வேண்டும். கஞ்சி இருந்தால் அதுவும் போய்விட வேண்டும், கஞ்சித் துணியைப் பூச்சி அரிக்கும். திருப்பூர்ப் பக்கம் கிலோவாக விற்கும் பனியன் கட்டிங் துண்டு மலிவுதான். ஆனால் அது இழுத்தால் நீளும். கை பழகின பிறகு பார்க்கலாம், முதல் போர்வைக்கு வேண்டாம்.

ஊசி, நூல், உட்காரும் இடம்

ஊசி மெல்லியதாக, கண் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கோணி ஊசி துணியில் ஓட்டை போட்டுவிடும். நூல் கெட்டியான நூலாக வேண்டும். கையால் சுண்டினால் பட்டென்று அறுந்துபோகும் பழைய நூல்கண்டு வேண்டாம். பார்வைக்கு அழகு வேண்டுமென்றால் எம்பிராய்டரி நூலில் இரண்டு மூன்று இழை பிரித்துப் போடலாம். நூலைக் கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள். "நீளமா கோத்தா அடிக்கடி கோக்க வேண்டாமே" என்று தோன்றும், ஆனால் சிக்கு எடுப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். மெழுகுவர்த்தியில் நூலை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காது.

நடுவிரலுக்கு ஒரு இரும்புத் தொப்பி இருக்கிறது, தையல் சாமான் கடையில் திம்பிள் என்று கேட்டால் தருவார்கள். மூன்று அடுக்கில் ஊசியைத் தள்ளித் தள்ளி விரல் நுனி புண்ணாகாமல் காப்பாற்றும். பகல் வெளிச்சத்தில் திண்ணையிலோ வாசல் பக்கமோ உட்காருங்கள். டி.வி. வெளிச்சத்தில் தைக்கக் கூடாது. நாற்பது வயது தாண்டினவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருந்தால் அது தையலின் குற்றமில்லை, கண்ணாடி போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. கண் பரிசோதனை முகாம் வரும்போது போய்விடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நின்று கழுத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டும்.

இன்னொன்று. உட்காரும்போது எத்தனை ஊசி, எழும்போது எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தைத்தால் கட்டாயம் எண்ண வேண்டும். காணாமல்போன ஊசி போர்வைக்குள்தான் இருக்கும், அதன்மேல் ஒரு குழந்தை படுக்கும்.

முதல் முறை: நேர் வரி

தரையைப் பெருக்கித் துடைத்துவிட்டு அடித் துணியை விரியுங்கள். சுருக்கமில்லாமல் இழுத்து, நாலு மூலையிலும் படியோ செங்கல்லோ வையுங்கள். அதன்மேல் நடுத் துணி, அதன்மேல் மேல் துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவிச் சமமாக்குங்கள். பிறகு, நடுவில் ஆரம்பித்து ஒரு சாண் இடைவெளியில் நெடுகவும் குறுக்கவும் பெரிய பெரிய தையலாக ஓட்டுங்கள். இது தற்காலிகத் தையல், கடைசியில் பிரித்துவிடப் போகிறோம். "பிரிக்கப் போறத எதுக்குத் தைக்கணும்?" என்று இதை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் போர்வை கோணிக்கொண்டு வரும்.

இனி உண்மையான தையல். சாதாரண ஓட்டுத் தையல்தான், மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. சோப்புத் துண்டு மெலிந்துபோனால் எறியாதீர்கள், துணியில் கோடு போட அதுதான் நல்லது, துவைத்தால் போய்விடும். பால்பாயிண்ட் பேனாவால் கோடு போடவே கூடாது. நடு வரியை முதலில் தைத்து, பிறகு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஓரத்துக்கு நகருங்கள். அடுக்கில் சுருக்கம் இருந்தால் அது வெளியே தள்ளப்பட்டுப் போய்விடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மேடாக நிற்கும். முடிச்சு வெளியே தெரியக் கூடாது. நூல் முனையைச் சுண்டி இழுத்தால் முடிச்சு மேல் துணிக்குள் போய் அடுக்குக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

வரிக்கு வரி அரை அங்குலம் வைத்தால் கெட்டியாக, அழகாக இருக்கும். ஒரு அங்குலம் வைத்தாலும் கெட்டுவிடாது. ஒரு சாண் இடைவெளி விட்டால் பழைய கதைதான், உள்ளே துணி நகரும்.

ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டை வெட்டி, இரண்டாக மடித்து, மேல் பக்கம் வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கைத்தையல் போடுங்கள். புடவையின் கரையையே பட்டையாக வைத்தால் தனி அழகு. ஆனால் ஜரிகைக் கரை வேண்டாம், உடம்பில் உறுத்தும்.

இரண்டாம் முறை: சித்திப் பெண்களின் கவண்டி

இந்தப் பாடத்தில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பக்கத்துக் கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோர ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூறு வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். மெஷின் வேண்டாம், துண்டுகளை முதலில் தனியாக இணைக்க வேண்டாம், தற்காலிகத் தையலும் வேண்டாம். ஒட்டுப் போடுவதும் அடுக்கைப் பிணைப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது.

எப்படி என்று பாருங்கள். அடியில் ஒரு புடவைத் துண்டை விரித்து, அதன் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். நடு அடுக்கு வேண்டுமென்றால் கொஞ்சம் சின்னதாக வெட்டி மேலே வையுங்கள். ஒரு மூலையில் முதல் துண்டுத் துணியை வைத்து, அதன் ஓரத்தையும் உள்ளே மடித்து, அடித் துணியின் மடிப்போடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போங்கள். துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டை அதன்மேல் ஒரு விரல் அகலம் ஏறும்படி வைத்து, மடித்து, தையலை நிறுத்தாமல் தொடருங்கள். மூலை வந்ததும் திரும்புங்கள். நாலு பக்கமும் சுற்றி வந்ததும், முதல் வரிக்கு உள்ளே அரை அங்குலம் தள்ளி இரண்டாம் சுற்று. இப்படியே ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போய், போர்வையின் நடுவில் தையல் வந்து முடியும்.

"இப்பத்தானே நடுவில ஆரம்பிக்கணும்னு சொன்னீங்க?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அங்கே மூன்று பெரிய துணியை மொத்தமாக அடுக்கினோம், சுருக்கம் போக வழி வேண்டும். இங்கே மேல் துணி ஒரே துணி இல்லை, ஒவ்வொரு துண்டாகத் தைக்கும்போதே வைக்கிறோம். அதனால் ஒவ்வொரு துண்டையும் அங்கேயே சமப்படுத்திவிடலாம். நூலை மட்டும் இறுக்கி இழுக்கக் கூடாது. இறுக்கினால் நடுவுக்கு வரும்போது இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தரையில் விரித்துத் தட்டிப் பாருங்கள்.

போர்வை முடிந்ததும் சித்திப் பெண்கள் நாலு மூலையிலும் மடித்த துணியால் சின்ன முக்கோணம் வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்று பொருள்படப் பூலா என்கிறார்கள். பூலா வைக்காத போர்வை அவர்களுக்கு அம்மணமாக நிற்பது போல. துண்டு எந்த அளவாக இருந்தாலும், எந்த நிறமாக இருந்தாலும் இதில் சேரும். அளவு தெரியாது, வெட்டத் தெரியாது என்று ஒதுங்குகிற சகோதரிகளுக்கு இந்த முறையைத்தான் முதலில் காட்டுவேன்.

மூன்றாம் முறை: ஒன்பது கட்டம்

இது அளவு பிடித்தவர்களுக்கு, வீட்டில் தையல் மெஷின் இருப்பவர்களுக்கு. பழைய காலண்டர் அட்டையில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்து எல்லாத் துண்டையும் வெட்டுங்கள். மூன்று மூன்றாக ஒன்பது துண்டைச் சேர்த்தால் ஒரு கட்டம். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் போய்விடும், அதனால் ஐந்து அங்குலத் துண்டு தைத்த பிறகு நாலரை அங்குலம்தான். ஒரு கட்டம் பதின்மூன்றரை அங்குலம். இந்தக் கால் அங்குலத்தை மறந்து கணக்குப் போட்டால் போர்வை குழந்தைச் சட்டை அளவில் வந்து நிற்கும்.

அகலத்தில் 3 கட்டம், நீளத்தில் 5 கட்டம், ஆக 15 கட்டம், 135 துண்டு. சுற்றிலும் இரண்டரை அங்குலப் பட்டி வைத்துத் தைத்தால் சரியாக 45க்கு 72 அங்குலம், நம் புடவைத் துண்டின் அளவே வந்துவிடும். அதன்கீழ் நடுத் துணியும் அடித் துணியும் வைத்து, முதல் முறையில் சொன்னபடி தற்காலிகத் தையல், பிறகு வரித் தையல். கடும் நிறத்தையும் வெளிர் நிறத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள். தரையில் பரப்பி, எட்ட நின்று பார்த்து, பிறகு தையுங்கள். கோலம் போடுகிற கைக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர் வரி அலுத்துப்போனால், சோப்பால் புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தின் நெளிவிலேயே தையலை ஓட்டிப் பாருங்கள்.

குழந்தைக்குத் தைப்பவர்கள் பொத்தான், சமிக்கி, மணி எதுவும் வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இதைக் கீழே விரிக்க மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து. மேலே போர்த்தினால் முகத்தில் ஏறி மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. போர்வை நனைந்தால் ரொம்பக் கனக்கும், அதனால் நாலு ஐந்து அடுக்குக்கு மேல் போகாதீர்கள். முறுக்கிப் பிழியாமல் மடித்து அழுத்தித் தண்ணீரை வடித்து, நிழலில் உலர்த்துங்கள்.

விற்கலாமா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். விற்கலாம். ஆனால் "சும்மா இருக்கிற நேரத்துல தைக்கிறதுதானே, வந்தது லாபம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாம் எப்போது சும்மா இருந்தோம்?

45 அங்குல அகலத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் சுமார் 90 வரி. ஒவ்வொரு வரியும் ஆறு அடி. ஒரு வரிக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால் வரித் தையலுக்கு மட்டும் இருபத்திரண்டரை மணி நேரம். துவைக்க, வெட்ட, துண்டு சேர்க்க, பட்டை வைக்க இன்னொரு 10 மணி நேரம் என்று வைப்போம். ஆக முப்பத்திரண்டரை மணி. உங்கள் ஊரில் கூலி என்னவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுக்கு எட்டு மணி நேரத்துக்கு 320 ரூபாய் என்றால் மணிக்கு 40 ரூபாய், கூலி மட்டும் 1,300 ரூபாய். நூல், துண்டுத் துணி, சோப்பு என்று 150 ரூபாய் வைத்தாலும் அடக்க விலை 1,450 ரூபாய் ஆகிவிட்டது. பஸ் செலவு இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது ஒரு வியாபாரி வந்து, "பழைய துணிதானேம்மா, 500 ரூபா தரேன், எத்தனை இருந்தாலும் எடுத்துக்கிறேன்" என்கிறார். பார்க்க மொத்த ஆர்டர், சந்தோஷமாக இருக்கும். 150 செலவு போக 350 ரூபாய். மணிக்கு 11 ரூபாய்கூட விழாது. இதற்கு ஒத்துக்கொண்டால் எத்தனை தைக்கிறோமோ அத்தனை நஷ்டம்.

அதனால் நேரத்தைக் குறைக்க வழி பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு வரி வைத்தால் வரித் தையல் நேரம் பாதியாகிவிடும். சின்ன அளவாகத் தைக்கலாம். 30க்கு 36 அங்குலக் குழந்தை விரிப்புக்கு அங்குலத்துக்கு ஒரு வரி என்றால், மூன்று அடியில் 30 வரிதான், நாலு மணி நேரத்துக்குள் வரித் தையல் முடியும். வாங்குகிறவருக்கும் கை தாங்கும் விலை. சரஸ் கண்காட்சி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் பூமாலை வளாகம் போன்ற இடங்களில் வைக்கும்போது பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து தைத்துக் காட்டினால், விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் குறைவார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்ற மாவட்டம். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த கால்சட்டையையும் சட்டையையும் வெட்டிப் போர்வை தைத்து வந்தார்கள். 1966ஆம் வருஷம் அவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். ஃப்ரீடம் குவில்டிங் பீ என்று பெயர், நம் மொழியில் சொன்னால் விடுதலைப் போர்வைத் தையல் கூட்டம். ஓட்டுரிமைக்காகக் கறுப்பின மக்கள் போராடிய காலம் அது. வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்ததற்காகவே குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அந்தப் பகுதியில் உண்டு. போர்வைகள் நியூயார்க் வரை போய் விற்றன. ஆனால் பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தபோது எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி வேண்டும் என்றன. மனம் போனபடி துண்டு வைத்துத் தைத்த கைகளுக்கு அது எளிதாக இல்லை, ஆனாலும் கற்றுக்கொண்டு செய்தார்கள். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் வந்தது. அந்தக் கூட்டுறவு 2012 வரை நடந்தது. அதே வட்டாரத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக்காகவே தைத்த போர்வைகள் 2002இல் பெரிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன, 2006இல் அவற்றின் படம் போட்டு அந்த நாட்டு அரசு தபால் தலையும் வெளியிட்டது.

நம் குழு ஆர்டர் எடுப்பதாக இருந்தால் இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள். ஆர்டருக்கு ஒன்பது கட்டம் மாதிரி அளவு தவறாத வேலை. எல்லோரும் ஒரே அட்டை, ஒரே நிறத்து நூல், ஒரே இடைவெளி. ஒருவர் அளந்து பார்த்து வாங்கி வைக்க வேண்டும், தேதி வாரியாக நோட்டில் எழுத வேண்டும், யார் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து. வீட்டுக்குத் தைப்பதில் உங்கள் இஷ்டம்.

இதற்காக இப்போதே கடன் எடுத்து மெஷின் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இந்தத் தொழிலின் பெரிய வசதியே முதல் போடாமல் ஆரம்பிக்க முடிவதுதான். அதை ஏன் வட்டி கட்டும் தொழிலாக மாற்ற வேண்டும்? மூன்று நாலு போர்வை தைத்து, அடக்க விலைக்கு மேல் விற்றுக் காட்டிய பிறகு, மெஷின் இருந்தால் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று நோட்டைப் பார்த்தே சொல்ல முடியும். அப்போது உள்கடன் கேட்டால் குழுவும் யோசிக்காமல் கொடுக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கரித்துணி தைத்துக் கொண்டு வாருங்கள். எட்டு அங்குலச் சதுரம், நாலு அடுக்கு, சுத்தமான நூல் துணி மட்டும். அடுப்பில் இருந்து பாத்திரம் இறக்கும் துணி என்பதால் பாலியஸ்டர் ஒரு இழைகூடக் கலக்கக் கூடாது. அதில் பாதியை நேர் வரியாகவும் பாதியைச் சித்திப் பெண்கள் முறையில் சுற்று வரியாகவும் தைத்துப் பாருங்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு குத்தி வையுங்கள்.